மழை வந்தால் தெரியும்: சியோல் ஓடையும் சிங்கப்பூரின் காலாங் ஆறும்

கான்கிரீட்டுக்குள் அடைத்த நீரோட்டத்தை மீட்டு, மக்கள் கூடும் இடமாக்கிய நகரங்கள் என்றால் இரண்டு பெயர்கள் தவறாமல் வரும். ஒன்று சியோலின் சொங்கேசொன் ஓடை, மற்றொன்று சிங்கப்பூரின் பீஷான்–அங் மோ கியோ பூங்கா. படங்களில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும்: நடுவில் தண்ணீர், இரு பக்கமும் பச்சை, தாண்டிப் போகக் கற்கள். வடிவமைப்பில் இரண்டும் நேரெதிர்.

சொங்கேசொன்னை 1950களின் கடைசியில் மூடிச் சாலை போடத் தொடங்கினார்கள். பிறகு அதன் தலைக்கு மேல் ஒரு மேம்பாலமும் வந்தது. மேயர் லீ மியுங்-பாக் 2003 ஜூலையில் இடிக்கத் தொடங்கி, 2005 அக்டோபரில் சுமார் 5.8 கிலோமீட்டர் ஓடையைத் திறந்துவிட்டார். வேகம் அசர வைக்கிறது. (அதில் அரசியல் கணக்கும் இல்லாமல் இல்லை, 2007இல் அவர் அதிபர் தேர்தலில் வென்றார்.)

சரி, தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மழைக்கு ஓடி வெயிலுக்கு வற்றும் ஓடை அது. வருடம் முழுக்க ஓட வேண்டும் என்பதற்காக ஹான் ஆற்றிலிருந்து தினமும் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் பம்ப் செய்து ஓடை தொடங்கும் இடத்தில் விடுகிறார்கள். மெட்ரோ நிலையங்களில் ஊறும் நிலத்தடி நீரும் சேர்கிறது. மோட்டாரை நிறுத்தினால் மிஞ்சுவது கல்தரைதான். இது ஆறே இல்லை, அலங்கார நீரூற்று என்று சூழலியல் ஆர்வலர்கள் கடிந்துகொள்வதில் நியாயம் உண்டு.

பீஷானில் இருந்தது 2.7 கிலோமீட்டர் நேர்கோட்டுக் கான்கிரீட் கால்வாய், பக்கத்திலேயே பூங்கா. 2009 முதல் 2012 வரை நடந்த வேலையில் கால்வாயை உடைத்து, காலாங் ஆற்றைப் பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓட விட்டார்கள். கரைக்குச் சிமென்ட் சுவர் கிடையாது. குச்சிக் கட்டுகள், துணியில் சுற்றிய மண், கம்பிவலைக்குள் அடைத்த கல், இவற்றுக்குள் நட்ட செடிகள். வேர் பரவப் பரவக் கரை இறுகும். கான்கிரீட்டுக்கு வயது ஏறினால் விரிசல்தான் ஏறும். எந்த முறை வெப்பமண்டல மழைக்குத் தாங்கும் என்று பூங்காவிலேயே ஒரு சிறு வடிகாலில் முதலில் சோதித்துப் பார்த்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

கனமழையில் பழைய கால்வாயின் அகலம் அதிகபட்சம் 24 மீட்டர். இப்போது ஆறு கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை விரியலாம். அந்நேரம் புல்வெளிதான் ஆற்றுப்படுகை. நீர்மட்டம் ஏறும்போது உணர்கருவிகள், சைரன், எச்சரிக்கை விளக்குகள் என்று ஏற்பாடு இருக்கிறது. சரிவான கரை என்பதால் மக்கள் மேலே நடந்தே போய்விடலாம்.

சியோலில் அப்படி விரிய இடமில்லை. இருபுறமும் மதில், அதற்கு மேல் சாலை. 200 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிட்டுக் கட்டியதால் வெள்ளம் கடந்துபோகும். ஆனால் பெருமழையில் மதகுகள் திறந்து, மழையோடு கழிவுநீரும் கலந்து ஓடைக்குள் பாயும், நடைபாதையை மூடிவிடுவார்கள்.

அழகில் மட்டும் என் ஓட்டு சியோலுக்கு. படியிறங்கியதும் வண்டிச் சத்தம் அமுங்கிவிடும். கோடையில் பக்கத்துச் சாலையைவிடச் சில டிகிரி குளுமை. அலுவலகப் பகுதியில் இறுக்கமான கல்வேலைப்பாடு, கிழக்கே போகப் போக நாணல் என்று மெல்ல மாறும் விதமும் அருமை. இடித்த மேம்பாலத்தின் மூன்று தூண்களை அப்படியே நிற்க விட்டிருக்கிறார்கள். பீஷானும் உடைத்த கான்கிரீட்டை வைத்து ஒரு குன்று எழுப்பியது. இருந்தாலும் பழையதை நினைவூட்டுவதில் தூண்களே மேல். ஓடை தொடங்கும் இடத்தில் வைத்திருக்கும் அந்த ராட்சதச் சங்குச் சிற்பத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதாக இல்லை.

செலவை ஒப்பிடுவதில் பொருளில்லை. சியோல் ஒரு மேம்பாலத்தையே இடிக்க வேண்டியிருந்தது. நிலம்தான் நிஜமான வேறுபாடு. சிங்கப்பூரில் கால்வாயைப் பார்த்துக்கொண்டது பொதுப் பயனீட்டுக் கழகம், பூங்காவைப் பார்த்துக்கொண்டது தேசியப் பூங்காக் கழகம். இருவரும் நடுவிலிருந்த எல்லையை எடுக்கச் சம்மதித்ததால் 62 ஹெக்டேர் பூங்கா ஆற்றுக்கும் உரியதானது. சியோலுக்குக் கிடைத்தது சாலையின் அகலம் மட்டுமே.

ஆற்றோரம் பொது நிலம் கிடைத்தால் பீஷான் வழிதான், யோசிக்கவே வேண்டாம். நெருக்கடியான நகர மையம் என்றால் சியோல் வழி; அப்புறம், சாய்தளத்தை முதல் நாளே வரைபடத்தில் சேர்த்துவிட வேண்டும். சொங்கேசொன் திறந்தபோது மாற்றுத்திறனாளிகள் எழுப்பிய குறையே கீழே இறங்க முடியவில்லை என்பதுதான்.