கால் மெஷினா, கரண்ட் மெஷினா?

தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் தையல் மெஷின் வைக்க ஒரு மூலைதான் கிடைக்கும், அதனால் யோசித்துத்தான் வாங்க வேண்டும். எங்கள் வீட்டில் இருப்பது அம்மாவின் கால் மெஷின், காலால் மிதித்து ஓட்டுவது. 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் நின்றபோதும், ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளின் சீருடையை அதில்தான் தைத்து முடித்தேன்.

நேர்த்தையல் மட்டும்தான் போடும். ஆனால் பருத்தித் துணியில் அந்தத் தையல் அவ்வளவு கெட்டி! புதிதாக மிதிப்பவர்களுக்குச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றி நூல் சிக்கிவிடும். நூல் கோர்க்காமல் இரண்டு நாள் மிதித்துப் பழகுங்கள், கால் வழிக்கு வரும். நுவரெலியாப் பக்கத்து ஈரத்தில், சக்கரத்தைச் சுற்றும் தோல் பட்டி தளர்ந்துபோகும். நுனியைக் கொஞ்சம் வெட்டி, கம்பிக் கொக்கியை மறுபடி மாட்டினால் இறுகிவிடும். எண்ணெய் விட மட்டும் சோம்பல் படக்கூடாது, மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

கரண்ட் மெஷினைத் தைத்து முடித்ததும் தூக்கி அலுமாரிக்குள் வைக்கலாம். வளைந்து வளைந்து போகும் சிக்சாக் தையல் இருப்பதால் துணி ஓரம் பிரியாது, பட்டன் ஓட்டையும் போடலாம். டீ ஷேர்ட் மாதிரி இழுபடும் துணிக்கு இதுதான் சரி. முனை உருண்ட ஊசியும் போட வேண்டும், இல்லாவிட்டால் தையல் விட்டுவிட்டு விழும்.

சட்டை, பாவாடை, சீருடை தைக்க நான் கால் மெஷினைத்தான் சொல்வேன். கால் வலி உள்ளவர்கள் அதற்கே சிறு மோட்டர் பூட்டலாம். கரண்ட் போனால் பட்டியை மாட்டி மிதிக்கலாம்.