மஹ்ஃபூஸா, தாயிப் சாலிஹா? எத மொதல்ல படிக்கலாம்
அரபு நாவல் பக்கம் புதுசா வர்றவங்க, 1988ல நோபல் வாங்குனவராச்சேன்னு நேரா நகிப் மஹ்ஃபூஸோட கெய்ரோ முத்தொகுதிய எடுத்துருவாங்க, தப்பில்ல, ஆனா மொத பாகமே 500 பக்கத்துக்கு கிட்ட. அதுல, ராத்திரி கூத்தடிச்சுட்டு வர்ற புருஷனுக்கு விளக்கு புடிச்சு நிக்கற ஆமினா, ஒருநாள் அவருக்கு தெரியாம ஹுசைன் மசூதிக்கு போயி கார்ல அடிபட்டு எலும்ப உடைச்சுக்க, குணமானதும் மனுசன் அவள வீட்ட விட்டே அனுப்பிடறாரு! எனக்கு பத்திக்கிட்டு வந்துச்சு.

சூடான்காரர் தாயிப் சாலிஹோட ‘வடக்கே போகும் பருவம்’ (1966) 200 பக்கம்கூட வராது. நைல் கரையில அமைதியா விவசாயம் பாக்கற முஸ்தஃபா சயீத், போதையில திடீர்னு இங்கிலீஷ் கவிதை சொல்ற எடத்துல நிமிர்ந்து உக்காந்துருவீங்க. 1969ல வந்த டெனிஸ் ஜான்சன்-டேவிஸோட இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் கச்சிதம். நான் மொதல்ல இதத்தான் கையில குடுப்பேன்.