டேங்கர் டிரைவர்களுக்கான மூன்று நாள் பயிற்சி: போய் வந்தவன் சொல்கிறேன்

பன்னிரண்டு வருஷமாகக் கேஸ் டேங்கர் ஓட்டுகிறேன். மங்களூரிலும் கொச்சியிலும் லோடு ஏற்றி, சிலிண்டர் நிரப்பும் பிளாண்டுகளில் இறக்குவதுதான் வேலை. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டியை ஓட்டுகிறவர் மூன்று நாள் பயிற்சி முடித்து அதை லைசென்ஸில் பதிந்திருக்க வேண்டும் என்று 1989 மோட்டார் வாகன விதிகளிலேயே இருக்கிறது. முதல் தடவை நான் வகுப்பில் உட்காரவே இல்லை. வேறொரு இடத்தில் பணத்தையும் போட்டோவையும் கொடுத்தேன், சாயங்காலம் சான்றிதழ் கைக்கு வந்துவிட்டது. அது எவ்வளவு பெரிய தப்பு என்று இந்தத் தடவை நாமக்கல் பக்கம் ஒரு மையத்தில் மூன்று நாளும் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

முதல் நாள் பெரும்பாலும் சட்டம். காட்டிய வீடியோக்கள் இந்தியில் இருந்ததால் எங்களில் பாதிப் பேருக்கு ஒன்றும் ஏறவில்லை, தமிழில் பேசி ஒட்டியிருக்கலாம். ஆனால் வண்டியில் இருக்கும் அவசரத் தகவல் பலகையை வாத்தியார் கட்டம் கட்டமாக விளக்கியது அருமை. 1075 என்றால் எல்பிஜி, 1203 என்றால் பெட்ரோல். கூடவே இருக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீட்டைப் பார்த்துத்தான் தீயணைப்புக்காரர்கள் தண்ணீர் அடிப்பதா, நுரை அடிப்பதா, சுற்றியுள்ள ஜனங்களை வெளியேற்ற வேண்டுமா என்று தெரிந்துகொள்கிறார்கள். அந்தப் பலகையில் சேறு படிந்து கிடக்க நான் எத்தனையோ நாள் அப்படியே ஓட்டியிருக்கிறேன். இனி மாட்டேன்.

இரண்டாம் நாளுக்காகவே போகலாம். தீயணைப்புத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வந்தார். ஒரு டப்பில் வெந்நீர் ஊற்றி உலர் பனிக்கட்டியைப் போட்டார். வெள்ளைப் புகை மேலே போகாமல் டப்பின் விளிம்பைத் தாண்டி வழிந்து, மேஜைக் காலோடு இறங்கி, தரையோடு தரையாக வந்து எங்கள் செருப்பைச் சுற்றி நின்றது. எல்பிஜியும் காற்றைவிடக் கனமானது, இப்படித்தான் பள்ளத்தையும் சாக்கடையையும் தேடிப் போகும், திரவம் ஆவியானால் சுமார் 250 மடங்கு இடத்தை அடைக்கும், அது போய்ச் சேருகிற வீட்டில் ஒரு அடுப்பு எரிந்தால் போதும் என்றார். கண்ணூர் பக்கம் சாலாவில் 2012 ஆகஸ்டில் டேங்கர் டிவைடரில் மோதிக் கவிழ்ந்து 20 பேர் இறந்ததை அவர் சொன்னபோது வகுப்பில் யாரும் போனைத் தொடவில்லை, நாங்கள் மாதத்துக்கு நாலு தடவை போகிற ரோடு அது.

அப்புறம் ஜெய்ப்பூர். 2024 டிசம்பர் 20 விடியற்காலை, அஜ்மீர் சாலையில் யூ டர்ன் எடுத்துக்கொண்டிருந்த டேங்கர் மீது லாரி மோதி, வால்வு உடைந்து, பரவிய கேஸ் தீப்பிடித்து, ரோட்டில் நின்ற பஸ், கார் எல்லாம் எரிந்தன. இரண்டே வாரத்தில், 2025 ஜனவரி 3 அன்று, கோவை அவிநாசி ரோடு மேம்பாலத்தில் 18 டன் கேஸோடு டேங்கர், இழுத்து வந்த வண்டியிலிருந்து கழன்று கவிழ்ந்தது. கேஸ் கசிந்தது, சுற்றியிருந்த பள்ளிகளுக்கு லீவு விட்டார்கள், மணிக்கணக்காகத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருந்தார்கள், ஒரு உயிர்கூடப் போகவில்லை. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதல் சில நிமிஷத்தில் டிரைவர் என்ன செய்யலாம் என்று அவர் கேட்டுக் கேட்டுப் பதில் வாங்கினார். இன்ஜினை அணை, செல்ப் போடாதே, காற்று வருகிற பக்கமாக ஆட்களை நகர்த்து, 112க்கும் கேஸ் கசிவுக்கான 1906க்கும் போன் பண்ணு, அதுவும் கசிவை விட்டுத் தள்ளிப்போய்.

மூன்றாம் நாள்தான் எனக்குக் குறை. பழைய டேங்கர் ஒன்றின் வால்வுப் பெட்டியை வைத்திருக்கிறார்கள், கண்ணைக் கட்டிவிட்டு, திரவ வால்வு எது, ஆவி வால்வு எது என்று தொட்டுக் கண்டுபிடித்து மூடச் சொல்கிறார்கள். பன்னிரண்டு வருஷம் ஓட்டிய என் கை முதலில் தப்பான வால்வுக்குத்தான் போனது, மூன்றாவது தடவை சரியாகப் பிடித்தேன். இவ்வளவு நல்ல பயிற்சிக்கு முப்பது பேருக்கு ஒரே பெட்டி, மொத்தமே ஒரு மணி நேரம்! முதல் நாள் சட்டத்தைப் பாதியாகக் குறைத்து இதற்குக் கொடுக்கலாம். தூக்கத்தைப் பற்றியும் பேசவே இல்லை. ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக ஓட்டுகிறவனுக்கு அதைவிட முக்கியமானது என்ன இருக்கிறது, ஓனர்களையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்ல வேண்டிய விஷயம் அது.

சாப்பாடு பரவாயில்லை, குடிதண்ணீர் நன்றாக இருந்தது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். அடுத்த பேட்ச்சில் என் அண்ணன் மகன் போகிறான். மூன்றாம் நாள் வரிசையில் முன்னாடியே போய் நில்லுடா என்று சொல்லியிருக்கிறேன், கடைசியில் நின்றவர்களுக்கு அந்தப் பெட்டியில் ஒரு நிமிஷம்தான் கிடைத்தது.