காசு குடுத்துத் தொழிலுக்குப் போன கதை: ஒன்ராறியோ ஏரியில் ஒரு சால்மன் காலை

இந்த மீன்பிடிப் படகுப் பயணத்துக்கு ஐந்து புள்ளிக்கு நாலு குடுப்பேன். குறைந்த அந்த ஒன்று மூன்று மீன் தலைகளுக்காக. அது பின்னால் வரும்.

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருந்து 401 நெடுஞ்சாலையில் கிழக்கே அரை மணித்தியாலம் ஓடினால் வருகிற ஒரு மரினாவில், அதாவது படகுத்துறையில் இருந்துதான் இந்தச் சார்ட்டர் படகு (காசுக்கு ஆட்களை மீன்பிடிக்கக் கூட்டிப்போகிற படகு) புறப்படுகிறது. படகின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், ஒரே ஒரு படகை வைத்துப் பிழைக்கிற மனிசன் அவர். போர்ட் கிரெடிட்டில் இருந்து போர்ட் ஹோப் வரைக்கும் இந்தக் கரையில் இப்படிக் கன படகுகள் ஓடுகின்றன. மீன் பிடிக்கிற முறை ஏறத்தாழ ஒன்றுதான், ஆகவே எதில் போகிறவர்களுக்கும் இது உதவும்.

போனது நாலு பேர்: நான், அப்பா, மச்சான், என் 15 வயது மகன். உண்மையில் அப்பாவுக்காகத்தான் போனோம். அவருக்கு 78. யாழ்ப்பாணத்து மயிலிட்டியில் இருபத்தைந்து வருசம் மீன்பிடித் தொழில் செய்தவர், 1990இல் போரில் இடம்பெயரும்வரை. 2017இல் இராணுவம் அந்தத் துறைமுகப் பக்கத்தை விட்டபோது பறந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தவர், அங்கே கண்டதைப் பற்றி இன்றுவரை பெரிதாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் ஏரிக்கரையில் இருக்கிற புளஃப்பர்ஸ் பார்க்குக்கு நடக்கக் கூட்டிப் போனால் ஒவ்வொரு முறையும் அதே வசனம்: "இவ்வளவு தண்ணி கிடக்கு. ஒருத்தனும் தொழிலுக்குப் போறானில்லை." அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துத்தான் ஜூலையில் ஒரு புதன்கிழமை காலைக்குப் பதிவு செய்தேன்.

முதலில் காசு. நாலு பேருக்கு ஐந்து மணித்தியாலம் 800 டொலர், வரி புறம்பு. இறங்கும்போது எண்ணெய்க்கென்று இன்னும் 60 டொலர் கேட்டார். பதிவு செய்யும்போது இதை வாயே திறக்கவில்லை, எனக்கு அது பிடிக்கவில்லை. உதவிக்கு நிற்கும் பொடியனுக்கு டிப்ஸ் வேறு. ஆகமொத்தம் ஆயிரம் டொலரைத் தாண்டிவிட்டது. தூண்டில், இரை, வலை, உயிர்காப்பு அங்கி எல்லாம் படகிலேயே இருக்கின்றன. சாப்பாடும் தண்ணியும் மட்டும் நாங்கள் கொண்டுபோக வேண்டும்.

மீன்பிடி உரிமம் உங்கள் பொறுப்பு. இங்கே வசிப்பவர்கள் ஒரு நாள் உரிமத்தை இணையத்திலேயே எடுக்கலாம், அதற்கு அவுட்டோர்ஸ் கார்ட் என்ற மாகாண மீன்பிடி அட்டை தேவையில்லை. 18 வயதுக்குக் கீழேயும் 65இலும் அதற்கு மேலேயும் உரிமம் வேண்டாம், வயதைக் காட்டும் அடையாள அட்டை போதும். அதனால் எனக்கும் மச்சானுக்கும் மட்டும் எடுத்தோம். அப்பாவுக்கு உரிமம் வேண்டாம் என்று சொன்னதும் தன் அனுபவத்துக்கு அரசாங்கம் தந்த மரியாதை என்று எடுத்துக்கொண்டார். நானும் திருத்தவில்லை.

காலை நாலே முக்காலுக்கு மரினாவில் நிற்கச் சொன்னார்கள், நின்றோம். படகு முப்பதடி, இரட்டை எஞ்சின், சின்னக் கழிப்பறையும் உண்டு. (சின்னது என்றால் மச்சான் உள்ளே போய்த் திரும்ப முடியாத அளவு.) ஏறும்போதே ஒரு சம்பவம். மனைவி கட்டித் தந்த பையில் முட்டை சான்ட்விச்சோடு நாலு வாழைப்பழமும் இருந்தது. கப்டன் அதைக் கண்டதும் முகம் மாறி, "அதைக் காரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்" என்றார். பகிடி இல்லை. வாழைப்பழம் படகில் ஏறினால் மீன் படாது என்பது இங்கத்தைய சார்ட்டர்காரர் கன பேருடைய நம்பிக்கை. மச்சான் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. "சொன்னாக் கேள். தொழிலுக்கு வெளிக்கிடேக்க அவன் சொல்லுறதுதான் சட்டம்" என்று பழத்தைத் தானே வாங்கிக்கொண்டுபோய்க் காரில் வைத்துவிட்டு வந்தார். கப்டன் மீது அப்பாவுக்கு வந்த மதிப்பு அந்த நிமிடத்தில் தொடங்கியது என்று நினைக்கிறேன்.

ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். கரை பின்னால் போகப் போக, மேற்கே பிக்கரிங் அணுமின் நிலையத்தின் கவிழ்த்த சட்டிகள் போன்ற கூரைகள் மட்டும் தெரிந்தன. ஒன்ராறியோ ஏரி இலங்கையில் நாலில் ஒரு பங்கை விடப் பெரிது, ஆழமான இடத்தில் 244 மீற்றர். அரை மணித்தியாலத்தில் கரை ஒரு கோடாகிவிட்டது. அப்பா கையைத் தண்ணியில் நனைத்து நக்கிப் பார்த்தார். "உப்பில்லாமல் என்ன கடல்" என்றார். ஆனால் கண் கரையில் இல்லை, தண்ணியில்தான் இருந்தது.

இனி இந்த வேலை எப்படி நடக்கிறது என்று சொல்ல வேண்டும். தூண்டிலைப் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மீன்பிடி என்று நினைத்து வந்தால் ஏமாந்து போவீர்கள். படகு மணிக்கு நாலு கிலோமீற்றர் அளவில் ஊர்ந்துகொண்டே இருக்கும், தூண்டில்கள் பின்னால் இழுபடும். கோடையில் மேல்தண்ணி சூடாகிவிடும், அடித்தண்ணி பனிக்கட்டி மாதிரிக் கிடக்கும். சால்மன் நிற்பது இரண்டும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, பத்துப் பன்னிரண்டு பாகைத் தண்ணியில். அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோக டவுன்ரிக்கர் என்று ஒரு சாமான்: படகின் பின்பக்கத்தில் மின்சாரத்தில் சுற்றும் உருளை, அதில் கம்பிக் கயிறு, நுனியில் பத்துப் பன்னிரண்டு இறாத்தல் ஈயக்குண்டு. தூண்டில் தங்கூசியை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பில் கொளுவிக் குண்டோடு இறக்குகிறார்கள். மீன் இழுத்தால் கிளிப் கழரும், வளைந்து நின்ற கம்பு துள்ளி நிமிரும். இரைக்கு முன்னால் ஃப்ளாஷர் என்று ஒரு பளபளக்கும் தகடு சுழன்றுகொண்டே போகும்.

குண்டுக்குப் பக்கத்திலேயே வெப்பமானி. 60 அடியில் 11 பாகை என்று திரையில் வந்ததும் கப்டன் எட்டுத் தூண்டில்களையும் அதைச் சுற்றி 50, 60, 75 என்று வெவ்வேறு ஆழத்துக்குப் பிரித்து இறக்கினார். ஏரியில் படகில் இருந்து பிடிக்கும்போது ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம்.

அப்பா இதையெல்லாம் பின்னால் கைகட்டி நின்று பார்த்தார். முந்தின நாள் வடக்குக் காற்று அடித்தது, அதனால் கரைப்பக்கம் குளிர்தண்ணி மேலே வந்திருக்கிறது, மீனும் கிட்ட வந்திருக்கும் என்று கப்டன் சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னேன். கரையில் இருந்து காற்று தள்ளினால் மேல்தண்ணி வெளியே போகும், அந்த இடத்துக்கு அடித்தண்ணி எழும்பும். "தெரியும்" என்றார் அப்பா. "காத்துத் திரும்பினா நீரும் திரும்பும். இதைச் சொல்ல உவருக்கு மிசின் வேணுமே?" பிறகு ஒரு நிமிடம் கழித்து, மெதுவாக: "ஆனா எத்தினை அடியில நிக்குது எண்டு எங்களுக்குத் தெரியாதுதான்."

ஆறு இருபதுக்கு முதல் கம்பு நிமிர்ந்தது.

உதவிப் பொடியன் கம்பைத் தூக்கி அப்பாவின் கையில் குடுத்தான். வயசான ஆள் என்று பார்த்து, எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுற்றுவது என்று ஆறுதலாக, உரத்த குரலில் விளங்கப்படுத்தத் தொடங்கினான். மீன் அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது, றீல் கீச்சிட்டது. பொடியன் "சுற்றுங்கோ, சுற்றுங்கோ" என்கிறான். அப்பா சுற்றவில்லை. கம்பை நிமிர்த்திப் பிடித்தபடி, பெருவிரலை மட்டும் தங்கூசியில் தொட்டும் தொடாமலும் வைத்து ஓட விட்டார். நூறு யார் போயிருக்கும். அது நின்ற கணம் இழுத்தார். திரும்ப ஓடியது, திரும்ப விட்டார். கப்டன் எஞ்சின் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர், பொடியனிடம் ஏதோ ஒரு சொல்தான் சொன்னார், அவன் வாயை மூடிக்கொண்டான். இருபது நிமிடம். அத்தாங்கில் ஏற்றியபோது 22 இறாத்தல் காட்டியது. ராஜா சால்மன், இங்கத்தையர் சினூக் என்பார்கள். வெள்ளியாக மினுங்கியது, முதுகில் கறுப்புப் புள்ளி. அப்பாவின் கை நடுங்கியது. "குளிர்" என்றார். ஜூலை மாதம்.

அப்பாவுக்குச் "சமன்" (சால்மனுக்கு ஊர்ப் பேச்சுப் பெயர்) என்றால் அதுவரை ரின்னுக்குள் அடைத்து வருகிற மீன். "இது ரின்னுக்குள்ள எப்பிடி அடங்கும்?" என்று பொடியனைக் கேட்கச் சொன்னார். நான் கேட்கவில்லை.

அடுத்த முக்கால் மணித்தியாலம் படகு கலகலத்தது. மச்சானுக்கு 14 இறாத்தல் ஒன்று, எனக்கு 18. மகனுடையது படகுக்குப் பக்கத்தில் வந்து தலையை ஒரு உதறு உதறிப் போய்விட்டது. அவன் கோபத்தில் சுற்றிய வேகம்தான் காரணம். தாத்தா அதைச் சொல்லவில்லை, அவன் தோளில் கையை மட்டும் வைத்தார்.

பிறகு ஏழரையில் இருந்து ஒன்பதரை வரை ஒன்றுமே இல்லை. விளம்பரப் படங்களில் இந்த இரண்டு மணித்தியாலம் வராது. எஞ்சின் முனகும், கம்புகள் வளைந்தபடி நிற்கும், டீசல் மணம் மூக்கில் நிற்கும். ஏரியின் அலை கடலலை போல நீண்டு தூக்கி இறக்குவதில்லை, குட்டையாக, அடுத்தடுத்துக் குத்தும். மகன் இரண்டு தரம் சத்தி எடுத்தான். முதல்நாள் இரவே தலைச்சுற்றுக் குளிசை குடுத்திருக்க வேண்டும். எட்டு மணி வெயிலிலும் எனக்கு ஜாக்கெட் தேவைப்பட்டது, அதையும் மனதில் வையுங்கள்.

அந்த நேரத்தில்தான் கப்டன் கதைக்க வந்தார். நல்ல மனிசன், கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். இந்த ஏரிக்குரிய சால்மன் வேறு இனமாம். ஆறுகளை அணைகட்டி மறித்ததிலும் காட்டை வெட்டியதிலும் அளவில்லாமல் பிடித்ததிலும் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அது இல்லாமல் போய்விட்டது. இப்போது பிடிபடுவது பசிபிக் பக்கத்து மீன், 1960களின் கடைசியில் இருந்து கொண்டுவந்து விட்டது. அலிவைஃப் என்ற சின்ன மீன் பெருத்துச் செத்துக் கரையெல்லாம் நாறியதாம், அதைத் தின்ன ஆள் தேவைப்பட்டது. நான் மொழிபெயர்த்து முடிக்க முன்னமே மச்சான் "அப்ப இதுவும் எங்களை மாதிரித்தான் வெளியில இருந்து..." என்று தொடங்கினார். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றில் இதெல்லாம் கேட்க முடியாது என்று மறித்துவிட்டேன்.

அப்பாவின் கேள்விகள் வேறு. மீன் கிலோ என்ன விலைக்குப் போகும்? விற்க முடியாது, தூண்டில் உரிமத்தில் பிடித்த மீனை விற்பது குற்றம் என்றார் கப்டன். எத்தனை பிடிக்கலாம்? முழு உரிமத்தில் சால்மனும் ட்ரௌட்டும் சேர்த்து ஆளுக்கு நாளைக்கு ஐந்து. அப்பா என்னைப் பார்த்தார். "விக்கேலாது. அளவுக்கு மேல பிடிக்கேலாது. ஆனா பிடிக்கிறதுக்கு நாங்கள் காசு குடுக்கிறம். இது நல்ல தொழில்தான், உவருக்கு." அதையும் மொழிபெயர்த்தேன். கப்டன் வயிறு குலுங்கச் சிரித்தார். ஒக்ரோபரில் படகைத் தண்ணியில் இருந்து ஏற்றிவிட்டால் அடுத்த வசந்தம் வரை பனி தள்ளுகிற வண்டிதான் ஓட்டுகிறாராம். அப்பாவுக்கு அது விளங்கியது. "வாடைக் காலத்தில எங்களுக்கும் அப்பிடித்தான்" என்றார்.

திரும்புகிற வழியில் ஒரு ரெயின்போ ட்ரௌட் பட்டது, சின்னது, விட்டுவிட்டோம். பத்து மணிக்குக் கரை.

இனி அந்தத் தலைகள். மரினாவில் மீன் வெட்டுகிற மேசை இருக்கிறது, பொடியன் விலையில்லாமலே வெட்டித் தருகிறான். கை வேகம் பார்க்க வேண்டியது. முதல் மீனின் இரைப்பையைக் கீறி எங்களுக்குக் காட்டினான். உள்ளே பாதி கரைந்த அலிவைஃப் நாலைந்து. அப்பா ஒன்றை வாலில் பிடித்துத் தூக்கிப் பார்த்து, "சூடை! உது சூடைச் சாதியடா" என்றார். சூடை எங்கள் ஊர்ச் சின்னக் கடல் மீன். சரிதான், இரண்டும் கிட்டின சொந்தம்தான் என்று பிறகு பார்த்து அறிந்துகொண்டேன். நான் காசு கணக்குப் பார்க்கக் கப்டனோடு போனேன், அப்பா கை கழுவப் போனார். திரும்பி வந்தால் மேசையில் அழகான ஆறு சதைத் துண்டங்கள், பிளாஸ்டிக் பையில். தலை, நடுமுள், வால் எல்லாம் தொட்டிக்குள் போய்விட்டது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. இருபத்திரண்டு இறாத்தல் மீனின் தலை என்ன பருமன் இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அப்பா தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் காரில் போய் ஏறினார். வீடு வரும்வரை வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டு வந்தார்.

பொடியனில் பெரிய பிழை இல்லை. அவனிடம் வருகிறவர்கள் யாரும் தலை கேட்பதில்லைப் போல. ஆகவே போகிறவர்கள் மேசைக்கு மீன் ஏறும்போதே சொல்லுங்கள். இதில் மனைவி அவன் பக்கம். ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி என்று மாகாண அரசு இணையத்தில் ஒன்று வைத்திருக்கிறது, எந்த இடத்து மீன், என்ன நீளம், மாதம் எத்தனை தரம் சாப்பிடலாம் என்று அதில் பார்க்கலாம். மீன் பெரிதாகப் பெரிதாக அந்த எண்ணிக்கை குறையும், சிறுபிள்ளைகளுக்கும் பிள்ளைப்பேற்று வயதுப் பெண்களுக்கும் இன்னும் குறைவு. பிசிபி என்ற இரசாயனம் கொழுப்பில்தான் தங்குகிறது, ஆகவே தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். மனைவி இதை வாசித்துக் காட்டினாள். "அறுபது வருசம் தலை திண்டனான், எழுபத்தெட்டில என்ன புதுசா வரப்போகுது?" என்றார் அப்பா.

சமையல்: பழப்புளி விட்ட குழம்புக்கு இந்த மீன் சரிவராது. எண்ணெய் கக்கி மேலே மிதக்கும், சதையும் உடைந்துவிடும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் தேசிக்காய் பிரட்டித் தோலில்லாமல் பொரித்தது நல்லாக இருந்தது. கடல் மீன் மணம் இல்லை, அதை எதிர்பார்க்காதீர்கள். ஊர் அறக்குளா மீனோடு ஒப்பிட்டு அப்பா சொன்னதை இங்கே எழுதவில்லை.

ஜூலையிலும் ஆகஸ்ட் முதல் பாதியிலும் போங்கள். அதற்குப் பிறகு மீன் ஆற்றுக்கு ஏற ஆயத்தமாகும், நிறம் கறுத்துச் சதை வெளிறும், சாப்பாட்டுக்கு உதவாது. செப்டெம்பரில் பார்க்க மட்டும் வேண்டுமென்றால் போர்ட் ஹோப்பில் கனரஸ்கா ஆற்றில் கோர்பெட் அணைக்குப் போகலாம். மீன் துள்ளி ஏறுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம், ஆயிரம் டொலர் மிச்சம். சனி ஞாயிறு கஷ்டம், கிழமை நாளுக்குக் கேளுங்கள். எண்ணெய்க் காசு உண்டா என்று முன்பே கேளுங்கள்.

அப்பா இனி வரமாட்டாராம், காசு குடுத்துத் தொழிலுக்குப் போகிற அளவுக்குத் தனக்கு மூளை பழுதாகவில்லையாம். போன கிழமை மகனிடம் மட்டும் கேட்டிருக்கிறார், அந்த ஈயக்குண்டும் கிளிப்பும் கனேடியன் டயர் கடையில் வாங்கலாமோ என்று.