ட்ரை-ஆங் ஜிண்டியும் எக்ஸ்04 மோட்டாரும்: 12 வருட அனுபவம்

பழைய மாடல் ரயில் எஞ்சின்களைச் சேர்க்க ஆரம்பித்தபோது நான் பார்த்ததெல்லாம் பெயின்டையும் அட்டைப்பெட்டியையும்தான். இன்று அலமாரியில் 23 எஞ்சின்கள் நிற்கின்றன. எடுத்து வைத்தவுடன் ஓடுபவை 14. அதில் முக்கால்வாசிக்குள் இருப்பது ஒரே மோட்டார்: 1950களில் இங்கிலாந்தில் ட்ரை-ஆங் என்ற பொம்மை ரயில் கம்பெனி போட்ட எக்ஸ்04.

மூடாத இரும்புச் சட்டம், ஒரு முனையில் காந்தக் கட்டை, நடுவில் மூன்று துருவ ஆர்மேச்சர், அதாவது சுற்றும் கம்பிச் சுருள். அதன் தண்டில் இருக்கும் வார்ம், அதாவது திருகு மாதிரியான பல், சக்கர அச்சிலுள்ள பல்சக்கரத்தை நேராகத் திருப்பும். அவ்வளவுதான். என் முதல் ஜிண்டியை, அதாவது ஆறு சக்கரக் குட்டி டாங்க் எஞ்சினை, 'ஓடாது' என்று சொல்லித்தான் விற்றார்கள். திறந்து பார்த்தால், ஆர்மேச்சருக்கு மின்சாரம் கொடுக்கும் இரண்டு பிரஷ்ஷையும் அழுத்திப் பிடிக்கும் ஒற்றை ஸ்பிரிங்கின் ஒரு காலில் இருக்க வேண்டிய காப்பு உறை காணோம். மின்சாரம் மோட்டாருக்குள் போகாமல் ஸ்பிரிங் வழியாகவே ஷார்ட் ஆகிக்கொண்டிருந்தது. பழைய ஒயரிலிருந்து துளியூண்டு உறையை உருவி மாட்டினேன், கிளம்பிவிட்டது.

அந்த உற்சாகத்தில் ஒரு தப்பு செய்தேன். சுத்தம் செய்கிறேன் என்று இன்னொரு மோட்டாரை முழுக்கப் பிரித்து, காந்தத்தைத் தனியாக எடுத்து ஒரு வாரம் மேசையில் போட்டு வைத்தேன். அந்தக் கால ஆல்நிக்கோ காந்தம் இரும்புத் துணை இல்லாமல் தனியாகக் கிடந்தால் வலு குறையும். திரும்பப் பூட்டியபோது மோட்டார் வேகமாகத்தான் சுற்றியது, ஆனால் இரண்டு பெட்டியைக் கூட இழுக்கவில்லை. தொட்டால் சுட்டது. சின்ன நியோடைமியம் காந்தம் வாங்கிப் போட்ட பிறகுதான் சரியானது.

அப்புறம் 70களின் பிற்பகுதியில் வந்தவை. அழகில் ஜிண்டி பக்கத்தில் நிற்க முடியாது, உண்மைதான். ஆனால் என்னிடம் உள்ள ஒன்றில் மோட்டார் டெண்டரில், அதாவது எஞ்சினுக்குப் பின்னால் வரும் நிலக்கரிப் பெட்டியில், இருக்கிறது. எஞ்சினைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. பிடிமானத்துக்காகச் சக்கரத்தில் மாட்டிய ரப்பர் வளையம் காய்ந்துபோய் டெண்டர் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றும். இன்னொன்றில் இடது வலது சக்கரங்களை இணைக்கும் பிளாஸ்டிக் குழல் விரிசல் விட்டு, சக்கரங்களின் கோணம் மாறி, இணைப்புக் கம்பி சிக்கிக்கொண்டது. இரண்டும் இப்போது அலங்காரப் பொருள்.

ஹார்ன்பி டப்லோ என்ற இன்னொரு பிரிட்டிஷ் பிராண்டின் கனமான உலோக எஞ்சின்கள் தனி ஜாதி. 1959 வரை அவை மூன்று தண்டவாளத்தில் ஓடியவை. என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதற்கென்று தனி வட்டம் போட வேண்டியிருந்தது.

வாங்கும்போது சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்க்காதீர்கள். வார்ம் உள்ள எஞ்சினில் சுற்றாது, சுற்ற வைத்தால் பல் போகும். 12 வோல்ட் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் ஒரு சொட்டு போதும். பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரில் வழிந்தால் கருகும். என் ஜிண்டிக்குப் போன மாதம் மூன்றாவது ஜோடி பிரஷ் போட்டேன்.