சூரியன் மறைந்த பிறகு: காடம்பாறை நீரேற்று நிலையமா, பேட்டரியா?

தமிழ்நாட்டில் நண்பகலில் சோலார் மின்சாரம் கொட்டுகிறது. மாலை ஆறு மணிக்கு மேல் அது இல்லை, தேவையோ அப்போதுதான் ஏறுகிறது. காற்றாலையும் மே முதல் செப்டம்பர் வரைதான் முழு வீச்சில் சுழலும். அப்படியானால் மிச்சத்தை எங்கே சேமிப்பது?

ஆழியாறு மலையில் 1980களிலிருந்தே ஒரு பதில் இருக்கிறது. காடம்பாறையில் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையின் நீரை மேலே உள்ள காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். தேவைப்படும்போது அதே நீர் இறங்கி, மலைக்குள் குடைந்த நிலையத்தில் அதே எந்திரங்களைத் திருப்பிச் சுழற்றுகிறது. நூறு மெகாவாட் வீதம் நான்கு யூனிட்கள், அதாவது மின் உற்பத்தி எந்திரங்கள். ஏற்றச் செலவான மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு திரும்பக் கிடைக்கும், பல மணி நேரத்துக்குத் தாங்கும். ஆனால் இன்னொன்று கட்ட மலை வேண்டும், காடு போகும், ஆண்டுகள் ஓடும்.

பேட்டரிக்கு மலை தேவையில்லை, துணைமின் நிலையத்துக்குப் பக்கத்திலேயே வைக்கலாம். வேகம்தான் அதன் பெரிய பலம். 2017 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் ஒரு நிலக்கரி யூனிட் திடீரென நின்றபோது, வெகுதொலைவிலிருந்த ஹார்ன்ஸ்டேல் பேட்டரி நொடிக்கும் குறைவான நேரத்தில் மின்சாரம் செலுத்தத் தொடங்கியது. இழப்பும் குறைவு. ஆயுள்தான் சிறிது, பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செல்களை மாற்ற வேண்டிவரும்.

என்னைக் கேட்டால், புதிதாகக் காட்டை அழிப்பதற்கு முன் மாலை உச்சநேரத்துக்கு பேட்டரிகளை வைக்கலாம். அப்புறம், காடம்பாறையை ஒரு யூனிட் கூட முடங்காமல் பராமரிக்க வேண்டும்.