ஃப்ளூக் 368 எஃப்சி: ஏற்காட்டு வீடுகளின் டிரிப் தொல்லைக்குச் சரியான மீட்டர்

மூடுபனி இறங்கியதும் ஆர்சிசிபி (கரண்ட் எர்த்துக்குக் கசிந்தால் சப்ளையைத் துண்டிக்கும் சுவிட்ச்) விழ ஆரம்பித்தால், "30-ஐக் கழற்றிவிட்டு 100 மில்லிஆம்பியர் போடுங்க" என்று யோசனை சொல்ல ஆள் வந்துவிடும். தயவுசெய்து கேட்காதீர்கள். ஷாக் அடிக்கும்போது உயிரைக் காப்பது அந்த 30தான். கசிவு எங்கே என்று தேடுவதுதான் வேலை. அதற்கு இந்த லீக்கேஜ் கிளாம்ப் மீட்டர் அருமையான கருவி.

சாதாரண கிளாம்ப் மீட்டர் மில்லிஆம்பியரைக் காட்டாது. இதன் 3 மில்லிஆம்பியர் ரேஞ்சில் 0.001 வரை படிக்கலாம். டிபியை, அதாவது வீட்டின் சுவிட்ச்கள் இருக்கும் மெயின் பெட்டியை, திறக்கும் வேலை என்பதால் எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும். ஆர்சிசிபிக்குக் கீழே பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மீட்டரின் தாடைக்குள் விடுங்கள். எர்த் வயர் உள்ளே வரக்கூடாது. வருகிற எண்தான் மொத்தக் கசிவு. 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி 15-க்கு மேல் எப்போது வேண்டுமானாலும் விழலாம். அதனால் 9-க்குள் இருப்பது நல்லது. பிறகு ஒவ்வொரு சர்க்யூட்டாக அதேபோல் பாருங்கள். கீசர் போட்டதும் எண் எகிறினால், பெரும்பாலும் எலிமெண்டுக்குள் ஈரம் ஏறியிருக்கும்.

கம்ப்யூட்டர், எல்இடி டிரைவர்களின் ஃபில்டர் கசிவும் இதில் சேரும். மீட்டரின் ஃபில்டரைப் போட்டு ஒரு முறை, எடுத்து ஒரு முறை அளந்தால், ஹை ஃப்ரீக்வன்சி கசிவு எவ்வளவு என்று பிரித்தறியலாம். மிகவும் பிடித்த வசதி இதுதான்.

குறைகளும் உண்டு. 40 மிமீ தாடை நெரிசலான டிபிக்குள் எளிதில் நுழையாது. வயரைக் கொஞ்சம் வெளியே இழுக்க வேண்டும். டிசி கசிவை அளக்காது. ஆர்சிசிபி ஆனில் நிற்கவே மாட்டேன் என்றால் அளக்க ஒன்றுமில்லை. அப்போது இன்சுலேஷனைச் சோதிக்கும் மெகர்தான்.

முக்கியமாக, நியூட்ரல் எங்காவது எர்த்தைத் தொட்டிருந்தால், அந்த சர்க்யூட்டின் சிங்கிள் போல் எம்சிபியை (ஓவர்லோடில் விழும் சுவிட்ச்) இறக்கினாலும் கோளாறு அப்படியே இருக்கும், ஏனென்றால் அது பேஸை மட்டுமே துண்டிக்கிறது. மழைநீர் புகுந்த கேட் லைட் ஜங்ஷன் பாக்ஸில் இதை முதலில் தேடுங்கள். மெயினை அணைத்து, நியூட்ரல் லிங்கிலிருந்து (நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டை) ஒவ்வொரு வயராகக் கழற்றி, சாதனங்களின் பிளக்கையெல்லாம் உருவிவிட்டு, 500 வோல்ட் மெகரில் எர்த்துக்கு எதிராகச் சோதியுங்கள். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டும் வயர்தான் குற்றவாளி. இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரல் வேறு ஆர்சிசிபியின் லிங்கில் கோர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஒரு வீட்டுக்காகச் செலவழிக்கும் விலை அல்ல. சேலத்திலிருந்து மலைக்குப் போய் ஹோம்ஸ்டே, எஸ்டேட் பங்களா பார்க்கும் எலக்ட்ரீஷியன் மெகரோடு சேர்த்து வாங்கலாம்.